வைப்பது வேறு, நிலைநிறுத்துவது வேறு

அன்புக்குரிய பங்குமக்களே,



இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கம்பியில்லா மின்னேற்றியின் மீது, அதாவது வீட்டில் நாம் ‘வயர்லெஸ் சார்ஜர்’ என்று சொல்லும் கருவியின் மீது, கைபேசி நழுவாமல் நிற்க என்ன செய்யவேண்டும் என்பதே அப்பொருள். “இதைக் கடைக்காரர் சொல்லட்டுமே, சுவாமி ஏன் சொல்ல வேண்டும்?” என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், வீடு மந்திரிக்கவும் நோயாளரைச் சந்திக்கவும் பிராங்பேர்ட்டிலும் அயலூர்களிலும் உள்ள உங்கள் இல்லங்களுக்கு நான் வருகின்றபோது, முதியோரின் கட்டிலருகே இக்கருவியை அடிக்கடி காண்கின்றேன். பிள்ளைகள் நத்தாருக்கோ பிறந்தநாளுக்கோ வாங்கிக் கொடுத்த வட்டமான தட்டு. அதன் மேல் கைபேசி. தனியே வாழும் அந்த முதியவருக்கு இரவு நேரத்தில் வெளியுலகோடு உள்ள ஒரே தொடர்பு அதுதான். அது தட்டின் மேல் சரியாக அமர்ந்திருக்கின்றதா என்பதைப் பார்ப்பாரோ மிகச் சிலர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். தட்டையான மின்னேற்றியின் மேல் கைபேசியை வெறுமனே வைத்துவிட்டு உறங்கப்போவது, குறிப்பாக முதியோரை அவ்வாறு செய்யவிடுவது, போதுமான ஏற்பாடு ஆகாது. கைபேசியைத் தானே பிடித்து நிறுத்துகின்ற மின்னேற்றியையே அவர்களுக்குக் கொடுக்கவேண்டும். நடு இரவில் நித்திரைக் கலக்கத்தில் கைபேசியை எடுத்து மணி பார்த்துவிட்டு, கண்ணாடி அணியாமலே திரும்ப வைத்தாலும், அது தன் இடத்தில் தானே போய் அமரவேண்டும். அதை உறுதிசெய்யும் கடமை, கருவியை வாங்கிக் கொடுத்த பிள்ளைகளுக்கே உரியது.

இரவில் என்ன அவசரம் என்று இந்நாட்டவர் கேட்கலாம். நாம் கேட்க மாட்டோம். குளிர்காலத்தில் இலங்கை நமக்கு நான்கரை மணி நேரம் முன்னே நிற்கின்றது. கோடையில் மூன்றரை மணி. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ காலை ஆறு மணிக்கு ஓர் உறவினர் தொலைபேசியை எடுத்தால், தை மாதத்தில் இங்கே நேரம் நள்ளிரவு கடந்து ஒன்றரை. மேற்கே டொரொன்டோ நமக்கு ஆறு மணி நேரம் பின்னே. அங்குள்ள மகள் வேலை முடிந்து, பிள்ளைகளுக்கு உணவு கொடுத்து, இரவு எட்டு மணிக்கு ஆறுதலாக அழைக்க எண்ணினால், இங்கே அதிகாலை இரண்டு. இரு திசைகளிலும் பிரிந்து வாழும் குடும்பங்களுக்குப் பிராங்பேர்ட்டின் இரவுதான் செய்திகள் வந்து சேரும் வேளை. பிறப்பும் இறப்பும், மருத்துவமனையிலிருந்து வரும் தகவலும் பெரும்பாலும் அவ்வேளையிலேயே வருகின்றன. இவற்றோடு, மார்பு வலித்தாலோ குளியலறையில் வழுக்கி விழுந்தாலோ 112ஐ அழைக்கவும் அதே கைபேசிதான் வேண்டும்.

நம் முதியோர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவர் யாரென்று தெரியாத வகையில், இங்கே குறிப்பிடுகின்றேன். தாயகத்தில் அவருடைய தங்கை மருத்துவமனையில் இறுதி நாள்களில் இருந்தார். “அக்காவின்ர முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ” என்று அவர் கேட்க, பிள்ளைகள் காணொளி அழைப்பு எடுத்தார்கள். இங்கே நேரம் அதிகாலை இரண்டு மணிக்குப் பின். மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. விடிந்தபோது கைபேசி அணைந்து கிடந்தது. தங்கையும் இறைவனடி சேர்ந்துவிட்டார். “நான் ஒழுங்காத்தான் வைச்சனான் சுவாமி. வைக்கேக்க லைற்றும் எரிஞ்சது. பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியேல்லை” என்று அத்தாயார் பலமுறை சொன்னார். அவர் சொன்னது உண்மை. வைத்தபோது கைபேசி சரியான இடத்தில்தான் இருந்தது. அதன் பின் வந்த குறுஞ்செய்திகள் ஒவ்வொன்றுக்கும் அது அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்விலும் சிறிது நகர்ந்தது. ஒரு விரற்கடை நகர்ந்ததும் மின்னேற்றம் நின்றுவிட்டது. அத்தாயார் இன்றும் தம்மையே நொந்துகொள்கின்றார். அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்பதைச் சொல்வதற்காகவும் இதனை எழுதுகின்றேன்.

ஒரு விரற்கடை நகர்வில் ஏன் இவ்வளவும் நடக்கின்றது? இதனை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மைக்கேல் ஃபரடே என்னும் ஆங்கில அறிஞர் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் செப்புக் கம்பிகளைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடக்கியபோதும் நிறுத்தியபோதும், அதனோடு எவ்வகையிலும் இணைக்கப்படாத மற்றச் சுருளில் மின்னோட்டம் தோன்றி மறைவதைக் கண்டார். ஒரு சுருளில் மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள சுருளில் மின்சாரத்தை எழுப்பும் என்ற அந்தக் கண்டுபிடிப்பே இன்றைய மின்னேற்றித் தட்டின் அடிப்படை. தட்டினுள் ஒரு செப்புச் சுருள் உண்டு. கைபேசியின் முதுகுப்புறத்தில் இன்னொன்று. தட்டிலுள்ள சுருளில் மின்னோட்டம் வினாடிக்கு இலட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகின்றது. அதனால் உண்டாகும் காந்தப்புலத்தைக் கைபேசியின் சுருள் பெற்று மீண்டும் மின்சாரமாக்குகின்றது.

அக்காந்தப்புலம் எட்டும் தூரம் மிகக் குறைவு. சில மில்லிமீற்றர் மட்டுமே. இரு சுருள்களின் நடுப்புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று வரவேண்டும். சிறிது விலகினால் கைபேசிக்குச் சேரும் ஆற்றல் குறைந்து, வெப்பம் கூடும். மேலும் விலகினால் மின்னேற்றம் நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நிலையே நம்மை ஏமாற்றுவது. விளக்கு எரியும், கைபேசியும் சூடாக இருக்கும், மின்கலமோ நிரம்பாது. வெப்பம் மிகுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளக் கைபேசியே மின்னேற்றத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். காலையில் கைபேசி வெதுவெதுப்பாகவும் மின்கலம் பாதியாகவும் இருந்தால், அது இரவு முழுவதும் சற்று விலகியே கிடந்தது என்று ஐயுறலாம்.

மின்சாரத்தின் வரலாற்றில் நாம் வாழும் இந்நகருக்குத் தனி இடம் உண்டு. 1861 ஒக்டோபர் 26 அன்று பிலிப் ரைஸ் என்னும் ஆசிரியர் தாம் உருவாக்கிய தொலைபேசிக் கருவியைப் பிராங்பேர்ட்டின் இயற்பியல் கழகத்தில் அறிமுகம் செய்தார். எஷன்ஹைமர் பூங்காவில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. உங்களுள் பலர் அதனைக் கடந்து சென்றிருப்பீர்கள். அதற்கு முப்பது ஆண்டுகளின் பின், 1891இல், பன்னாட்டு மின்தொழில்நுட்பக் கண்காட்சி இங்கு நடைபெற்றது. நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள லவ்ஃபன் என்ற ஊரின் நீர்மின் நிலையத்திலிருந்து, ஏறத்தாழ 175 கிலோமீற்றர் தூரம் கம்பிகளின் வழியே மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அம்மின்சாரம் கண்காட்சியில் ஆயிரம் விளக்குகளை எரியவைத்தது. செயற்கை நீர்வீழ்ச்சி ஒன்றையும் இயக்கியது. அனுப்பிய ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வந்து சேர்ந்தது என்று அளந்து சொன்னார்கள். அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்ல முடியும் என்பதை உலகம் அன்று ஏற்றுக்கொண்டது.

குரலைக் கொண்டுசெல்லும் கருவியும், தொலைவிலிருந்து வரும் மின்சாரமும் இன்று நம் கட்டிலருகே ஒன்றுசேர்கின்றன. 175 கிலோமீற்றரை அன்றே வென்றுவிட்டார்கள். நாம் கோட்டை விடுவது கடைசிச் சில மில்லிமீற்றரில். அந்தச் சில மில்லிமீற்றருக்குக் கம்பி இல்லை. ஆகவே அங்கே பிடிப்பு வேண்டும்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமன்று. இத்தொழிலின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 2009இல் பாம் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கைபேசிக்கு ‘டச்ஸ்டோன்’ என்ற மின்னேற்றியை வெளியிட்டது. அது சாய்வானது, காந்தங்களால் கைபேசியைப் பிடித்து நிறுத்தியது. நல்ல வழி அன்றே கையில் இருந்தது. ஆனால் 2008இல் தொடங்கப்பட்ட கம்பியில்லா மின்னாற்றல் கூட்டமைப்பின் பொதுத்தரம் பரவியபோது, கடைகளை நிறைத்தவை பெரும்பாலும் காந்தமற்ற தட்டைகளே. அத்தரத்தின் பெயர் ‘சீ’. சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் சொல் அது. நம் செவிக்கு அது வேறு பொருள் தருவதையும், காலையில் கைபேசி அணைந்து கிடக்கக் கண்டவர் வாயில் அச்சொல்லே முதலில் வருவதையும் நான் அறிவேன்!

2017 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் ‘எயார்பவர்’ என்ற தட்டையை அறிவித்தது. கைபேசி, கைக்கடிகாரம், காதொலிக்கருவிப் பெட்டி ஆகிய மூன்றையும் அதன் மேல் எங்கே வைத்தாலும் மின்னேற்றம் பெறும் என்பது வாக்குறுதி. இடம் பார்த்து வைக்கவேண்டிய தேவையையே ஒழித்துவிட எண்ணினார்கள். ஒன்றரை ஆண்டுகள் முயன்றும் தாங்கள் எதிர்பார்த்த தரத்தை எட்ட முடியவில்லை என்று கூறி, 2019 மார்ச் 29 அன்று அத்திட்டத்தைக் கைவிட்டார்கள். 2020 ஒக்டோபரில் அதே நிறுவனம் எதிர்த் திசையில் சென்றது. கைபேசியின் உள்ளேயே காந்த வளையத்தை வைத்து, மின்னேற்றி ஒரே இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்தது. அதற்கு ‘மாக்சேஃப்’ என்று பெயரிட்டது. 2023இல் அதே காந்த ஏற்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, ‘சீ2’ என்ற புதிய பொதுத்தரத்தைக் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டது. எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற எண்ணம் விலகி, ஓரிடத்தில் நிலைநிறுத்தவேண்டும் என்ற எண்ணம் நிலைபெற்றுவிட்டது. பெரும் பொருளும் அறிவும் படைத்த பொறியியலாளர்களே கண்டுகொண்ட உண்மையை, நடுங்கும் கைகளையுடைய எண்பது வயது அம்மம்மா தம் கவனத்தால் ஈடுசெய்யவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது முறையா?

இனி, செய்யவேண்டியவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, தட்டையான மின்னேற்றிக்குப் பதிலாகச் சாய்வான தாங்கியை வாங்குங்கள். அதன் அடியில் சிறு விளிம்பு இருக்கும். கைபேசி அதில் குத்தென நிற்கும். சமதளத்தில் கிடக்கும் கைபேசியை ஒவ்வோர் அதிர்வும் எத்திசையிலும் தள்ளலாம். சாய்வில் நிற்கும் கைபேசியையோ அதன் எடையே கீழ்விளிம்பை நோக்கி இழுத்துப் பிடிக்கின்றது. அதிர்ந்தாலும் அது தன் இடத்திற்கே திரும்பும். காந்தம் இல்லாத பழைய கைபேசிகளுக்கு இதுவே மிகச் சிறந்த வழி. ஒரு செய்தியை மட்டும் கவனியுங்கள்: தாங்கியிலுள்ள சுருளின் உயரமும் கைபேசியிலுள்ள சுருளின் உயரமும் பொருந்தவேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக இரு சுருள்கள் உள்ள தாங்கியானால் பெரும்பாலான கைபேசிகளுக்குப் பொருந்தும்.

இரண்டாவது, கைபேசியில் காந்த வளையம் இருந்தால் காந்த மின்னேற்றியையே வாங்குங்கள். பெட்டியின் மேல் ‘சீ2’ குறி உள்ளதா என்று பாருங்கள். அதற்கேற்ற காந்த உறையும் வேண்டும். தடித்த சாதாரண உறையைப் போட்டுவிட்டால் காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும். பின்பு காந்தம் இருந்தும் பயன் சிறிதே. சில புதிய கைபேசிகளில் காந்தம் கைபேசியில் இல்லாமல் உறையில் மட்டும் இருப்பதுண்டு. வாங்குமுன் இதனைக் கேட்டறியுங்கள்.

மூன்றாவது, மின்னேற்றியையே மேசையோடு நிலைநிறுத்துங்கள். கைபேசி அசையாவிட்டாலும், அதன் இணைப்புக் கம்பி இழுபட்டால் தட்டு முழுவதும் நகரும். எடை குறைந்த தட்டு மேசையிலிருந்து விழுந்தும்விடும். இருபக்கமும் ஒட்டும் நாடாவால் அதனை மேசையில் ஒட்டிவிடலாம். கம்பியை மேசைக்காலோடு சேர்த்துக் கட்டினால் நடக்கும்போது காலில் தட்டுப்படாது. தட்டின் மேலுள்ள இரப்பர் வளையத்தில் தூசி படிந்தால் வழுக்கும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியால் மாதம் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள்.

நான்காவது, இரவில் அதிர்வை நிறுத்துங்கள். மணியோசையை நிறுத்தவேண்டாம். குறுஞ்செய்திக் குழுக்களின் அறிவிப்புகளை அடக்கிவிட்டு, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் அழைப்புகள் மட்டும் ஒலிக்கும்படி அமைக்கலாம். கைபேசியின் ‘தொந்தரவு செய்யாதே’ என்ற அமைப்பில் இதற்கு இடம் உண்டு. காலை வணக்கப் படங்களை நள்ளிரவிலேயே குழுக்களுக்கு அனுப்பும் அன்பர்கள், அவை யாரோ ஒருவருடைய கைபேசியைத் தட்டிலிருந்து நகர்த்தக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, கைபேசியின் முதுகில் உள்ளவற்றைக் கழற்றுங்கள். விரல் நுழைக்கும் வளையம், வாகனத் தாங்கிக்காக ஒட்டிய இரும்புத் தகடு, உறையினுள் செருகிய வங்கி அட்டை ஆகியவை இரு சுருள்களையும் பிரித்துவைக்கும். இரும்புத் தகடும் நாணயமும் சூடாகும். வங்கி அட்டைகளின் காந்தப் பட்டையும் சில்லும் பழுதுபடக்கூடும். பணப்பை போன்ற மடிப்பு உறையில் அட்டைகளை வைத்திருப்போர் நம்மிடையே பலர். அவர்களுக்கு இதனை வலியுறுத்திச் சொல்கின்றேன்.

இவற்றோடு, காந்தத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்லவேண்டும். இதயமுடுக்கி, அதாவது பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்களும், இதயத்துடிப்பு தாறுமாறாகும்போது மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டவர்களும் நம் பங்கில் உள்ளனர். காந்தம் மிக அருகில் வந்தால் இக்கருவிகளின் செயற்பாடு மாறக்கூடும் என்று மருத்துவர்கள் 2021இல் எடுத்துக்காட்டினார்கள். தன் காந்தக் கைபேசியையும் மின்னேற்றியையும் இத்தகைய கருவிகளிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேலும், மின்னேற்றம் நடக்கும்போது 30 சென்ரிமீற்றருக்கு மேலும் விலக்கி வைக்குமாறு அப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகின்றது. ஆகவே அவர்கள் காந்த மின்னேற்றியைத் தலையணையருகே வைத்தலாகாது. கைபேசியைச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்தலும் ஆகாது. அவர்களுக்குக் காந்தமற்ற சாய்வுத் தாங்கியோ சாதாரணக் கம்பியோ நலம். எதுவாயினும் தம் இதய மருத்துவரிடம் கேட்டுச் செய்யட்டும்.

“இவ்வளவு தொல்லை ஏன் சுவாமி, பழைய கம்பியே போதாதா?” என்று கேட்பவர்களுக்கு என் மறுமொழி: கம்பியைச் செருகக்கூடியவர்களுக்குக் கம்பியே மிகவும் உறுதியானது, அதில் எனக்கு ஐயமில்லை. 2024 டிசெம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கெல்லாம் ஒரே வகையான சி வகைச் செருகியே சட்டமாகிவிட்டது. அதனை எப்பக்கமும் திருப்பிச் செருகலாம். ஆனால் மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காதவருக்கும், கை நடுங்குபவருக்கும், கண்புரை உள்ளவருக்கும் அந்தச் சிறு துளையைத் தேடுவது ஒவ்வோர் இரவும் ஒரு போராட்டம். அவர்களுக்காகத்தான் பிள்ளைகள் தட்டையை வாங்கினார்கள். அந்த அன்பு சரியானது. அந்தக் கருவிதான் பாதிவழியில் நின்றுவிட்டது. மீதி வழியை முடித்துக் கொடுங்கள் என்றே கேட்கின்றேன்.

வேறு சிலர் மின்செலவைக் காரணம் காட்டுவர். கம்பியில்லா முறையில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாவது உண்மை. ஆயினும் கணக்கைப் பார்ப்போம். கைபேசி ஒன்றின் மின்கலம் சுமார் 15 வாட் மணி கொள்ளளவு உடையது என்றும், நாள்தோறும் முழுமையாக நிரப்புகின்றோம் என்றும் கொண்டால், ஆண்டுக்கு ஐந்தரை கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணிக்கு 40 சென்ட் என்று வைத்தால், ஆண்டுச் செலவு இரண்டு யூரோ இருபது சென்ட். அதில் வீணாவது எவ்வளவு பங்காயினும் சில சென்ட்டுகள், மிஞ்சினால் ஓரிரு யூரோ. இது பணத்தின் பிரச்சினை அன்று, நம்பகத்தின் பிரச்சினை.

வாகனம் ஓட்டுகின்ற இளையோருக்கும் ஒரு சொல். புதிய வாகனங்களில் இருக்கைகளுக்கிடையே மின்னேற்றித் தட்டு இருக்கின்றது. நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் வளைவில் கைபேசி அதிலிருந்து நழுவுகின்றது; கை தானாக அதனை நோக்கிப் போகின்றது. மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு வினாடி கண்ணை எடுத்தால், வாகனம் எழுபது மீற்றருக்கு மேல் பார்வையின்றி ஓடிவிடும். ஓட்டும்போது கைபேசியைக் கையிலெடுத்துப் பயன்படுத்தினால் இந்நாட்டில் 100 யூரோ தண்டமும் ஒரு புள்ளியும் உண்டு. பிறருக்கு ஆபத்து விளைந்தால் தண்டம் கூடுவதோடு ஓட்டுவதற்குத் தடையும் வரும். தட்டின் ஓரங்களில் பிடிப்பு இல்லையேல் வழுக்காத இரப்பர் விரிப்பொன்றை, மின்னேற்றம் தடைப்படாத அளவு மெல்லியதாகப் பார்த்து, இடுங்கள்; அல்லது காந்தத் தாங்கியைப் பொருத்துங்கள். விழுந்துவிட்டால், வாகனத்தை நிறுத்தும்வரை அது கிடக்கட்டும்.

இறுதியாக, குடும்பத்தைக் கடந்த ஒரு தேவையையும் நினைவூட்டுகின்றேன். 2017 செப்டெம்பர் 3 அன்று, வெஸ்டென்ட் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட உலகப் போர்க்காலக் குண்டை அகற்றுவதற்காக, இந்நகரில் 60,000க்கும் மேற்பட்டோர் தம் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இன்று இத்தகைய எச்சரிக்கைகள் கைபேசிக்கே நேரடியாக வருகின்றன. 2023 பெப்ரவரி முதல் ஜெர்மனியில் செயற்படும் இந்த ஏற்பாட்டில், அப்பகுதியிலுள்ள கைபேசிகள் உரத்த ஒலியுடன் எச்சரிக்கும். செயலி எதுவும் தேவையில்லை. ஆயினும் கைபேசி உயிரோடு இருந்தால்தான் எச்சரிக்கை வந்து சேரும். மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையில், எல்லாருடைய கையிலும் விளக்கு இருந்தது. வேளை வந்தபோது எண்ணெய் சிலரிடமே இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியில் உங்கள் பெற்றோரின் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அவர்கள் வழக்கமாக வைப்பதுபோலவே கைபேசியை மின்னேற்றியில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தி வைக்காதீர்கள். உங்கள் கைபேசியிலிருந்து இரண்டு முறை அழையுங்கள். நாலைந்து குறுஞ்செய்திகளும் அனுப்புங்கள். மேசையை மெல்ல ஒருமுறை தட்டுங்கள். பின்பு அவர்களோடு அமர்ந்து தேநீர் அருந்துங்கள். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். அதன் பின் சென்று, கைபேசி வைத்த இடத்திலேயே இருக்கின்றதா, மின்கலத்தின் விழுக்காடு ஏறியிருக்கின்றதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால், மேலே சொன்னவற்றுள் பொருத்தமானதைச் செய்து, மறுபடியும் சோதித்துப் பாருங்கள். “அம்மா, கவனமா வையுங்கோ” என்று சொல்லிவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.

பெற்றோர் தொலைவில் இருப்பின், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையொன்றை அனுப்பிச் செய்விக்கலாம். அதற்கும் வழியில்லாதவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள். நம் இளையோருள் கைவண்ணம் உள்ளவர்கள் பலர் இருக்கின்றார்கள். ஓரிருவரை அழைத்துக்கொண்டு நானே வருகின்றேன்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை
பிராங்பேர்ட்